லினக்ஸ் மிரர் ரெய்டு ரிவ்யூ – டிஸ்க் எரர் அடிச்சா உள்ள என்னதான் நடக்குது

ரெய்டு, அதாவது பல டிஸ்க்க ஒரே அரேவா சேக்கறது, அதோட ரிவ்யூன்னு எத எடுத்தாலும் ஸ்பீடு கிராஃபா தான் இருக்கு. சீக்வென்ஷியல் ரீட் இவ்ளோ, ரேண்டம் ரைட் அவ்ளோன்னு கலர் கலரா. அட மிரர் (ரெய்டு 1), அதாவது ஒரே டேட்டாவ ரெண்டு டிஸ்க்ல எழுதி வெக்கறது, அத போடறதே ஒரு டிஸ்க் மண்டைய போட்டா இன்னொன்னு காப்பாத்தட்டும்னு தானே, அப்போ அந்த மண்டைய போடற நேரத்துல சாஃப்ட்வேர் என்ன முடிவு எடுக்குதுன்னு யாராவது எழுதணும்ல? ஸ்பீடு பத்தி இதுல ஒரு வரி கூட கிடையாது. லினக்ஸோட எம்டி ரெய்டு 1, அதுல எரர் ஹேண்ட்லிங் மட்டும். கெர்னல்ல, அதாவது லினக்ஸோட மையக் கோடுல, ரெய்டு1 டாட் சி ஃபைல் 3000 லைனுக்கு மேல இருக்கு, அத உக்காந்து படிச்சேன், ஒரு விர்ச்சுவல் மெஷின்ல வேணும்னே டிஸ்க்க கெடுத்தும் பாத்தேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. எம்டிங்கறது கெர்னலுக்குள்ள இருக்கற டிரைவர், எம்டிஅட்ம்ங்கறது அத மேய்க்கற கமாண்டு. ரெய்டு கார்டு எதுவும் வேணாம், எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் கூடவே வருது, காசும் கிடையாது. ரொம்ப வருஷம் நீல் பிரவுன் தான் இத தனியா தாங்கிப் புடிச்சாரு, இப்போ வேற ஆளுங்க பாத்துக்கறாங்க. "நான் லினக்ஸ் சர்வர்லாம் வெச்சுக்கல, வீட்ல ஒரு நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) பெட்டி தான்"னு சொல்றீங்களா, பெரும்பாலான சினாலஜி, க்யூநாப் பெட்டிக்குள்ளயும் ஓடறது இதே எம்டி தான், அதனால இது உங்களுக்கும் சேத்து தான்.

எரர் பாதைய மட்டும் ஏன் இப்படி தோண்டணும்னா, எந்த சாஃப்ட்வேர்லயும் டெஸ்ட் ஆகாத இடம் அதுதான். நல்லா ஓடற பாதை தினமும் கோடி தடவ ஓடுது, பக் இருந்தா அடுத்த நாளே மாட்டிக்கும். டிஸ்க் எரர் வர்ற பாதை வருஷத்துக்கு ஒரு தடவ ஓடினாலே பெருசு. 2008ல விஸ்கான்சின் யுனிவர்சிட்டி ஆளுங்க லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் எல்லாத்தையும், கூடவே ஸ்கசி, ஐடிஇங்கற டிஸ்க் டிரைவரையும், சாஃப்ட்வேர் ரெய்டு டிரைவரையும் அலசிப் பாத்தப்போ 1153 இடத்துல, அதாவது 13 சதவீதம் ஃபங்ஷன் கால்கள்ல, கீழ இருந்து வந்த எரர் கோட கண்டுக்காம அப்படியே விட்டிருக்காங்கன்னு கண்டுபுடிச்சாங்க. அது பழைய கெர்னல், அப்புறம் நெறைய சரி பண்ணியாச்சு. ஆனா அதப் படிச்சதுல இருந்து எந்த ஸ்டோரேஜ் கோட பாத்தாலும் நான் மொதல்ல எரர் பக்கம் தான் போறது.

சரி மேட்டருக்கு வருவோம். ரீட் எரர் தான் இதுல பெஸ்ட் பார்ட், நிஜமாவே ரசிச்சு எழுதியிருக்காங்க. பழைய காலத்துல, 2006க்கு முன்னாடி, ஒரு செக்டர் (டிஸ்க்ல ஒரு குட்டி துண்டு) படிக்க முடியலன்னா முழு டிஸ்க்கையே ஃபெயில்னு தூக்கி வெளிய போட்டுடும். ஒரே ஒரு செக்டருக்காக மொத்த டிஸ்க்கும் காலி, அப்புறம் ரீபில்ட் பண்ணும்போது, அதாவது புது டிஸ்க்குக்கு காப்பி பண்ணும்போது, மிச்சம் இருக்கற டிஸ்க்ல ஒரு செக்டர் படுத்துச்சுன்னா கதை முடிஞ்சுது. இப்போ அப்படி இல்ல. ரீட் எரர் வந்ததும் அந்த ரிக்வஸ்ட்ட எம்டியோட சொந்த த்ரெட்டுக்கு தள்ளி விடுது, அது மொதல்ல மொத்த அரேவோட மத்த ஐஓ (ரீட், ரைட்) எல்லாத்தையும் நிறுத்தி வெக்குது, அப்புறம் பிரச்சன வந்த இடத்த 4 கேபி 4 கேபியா பிரிச்சு படிக்குது. மொதல்ல அதே டிஸ்க்ல இன்னொரு தடவ கேட்டுப் பாக்கும், சில நேரம் ரெண்டாவது தடவ ஒழுங்கா வந்துடும், வந்தா அந்த துண்டு ஓகேன்னு விட்டுடும். வரலன்னா அடுத்த டிஸ்க்ல இருந்து படிச்சு, அந்த நல்ல டேட்டாவ கெட்ட இடத்து மேலயே எழுதும். ஏன் எழுதணும்? டிஸ்க்கு மேல எழுத்து விழும்போது தான் டிரைவோட ஃபர்ம்வேர் அந்த செக்டர் உருப்படாதுன்னு முடிவு பண்ணி ஸ்பேர் செக்டர மாத்திக் கொடுக்கும், வெறும் ரீடுக்கு அது மாத்தாது. எழுதி முடிச்சதும் திரும்ப ஒரு தடவ படிச்சு செக் பண்ணிக்கும். அதுலயும் பாஸ் ஆனா தான் லாக்ல ரீட் எரர் கரெக்டட், இத்தன செக்டர், இந்த இடம், இந்த டிஸ்க்னு ஒரு லைன் போடும். மேல இருக்கற டேட்டாபேஸுக்கோ ஃபைல் சிஸ்டத்துக்கோ எதுவுமே நடக்காத மாதிரி டேட்டா போய் சேந்துடும்.

எழுதி, திரும்ப படிச்சு செக் பண்றது இருக்கு பாருங்க, அது ரொம்ப பேர் சோம்பேறித்தனத்துல விடற விஷயம். இங்க விடல.

இத கண்ணால பாக்கணும்னா டிஎம் டஸ்ட்னு ஒரு டிவைஸ் மேப்பர் டார்கெட் (நிஜ டிஸ்க் மேல கெர்னல் போடற ஒரு பொய் டிஸ்க்) இருக்கு, 2019ல கெர்னல் 5.2ல வந்தது. இன்னின்ன பிளாக் கெட்டதுன்னு நாம சொல்லி வெச்சா அந்த பிளாக்க படிக்கும்போது எரர் அடிக்கும், அது மேல எழுதினா லிஸ்ட்ல இருந்து தானா எடுத்துடும். அதாவது நிஜ டிஸ்க் செக்டர் மாத்திக்கறத அப்படியே நடிச்சுக் காட்டும், இந்த டெஸ்ட்டுக்குன்னே செஞ்ச மாதிரி. ரெண்டு விர்ச்சுவல் டிஸ்க், ஒண்ணு மேல டஸ்ட் போட்டு மிரர் கட்டி, ஒரு பெரிய ஃபைல் எழுதி அதோட ஷா சம் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நம்பர்) எடுத்து வெச்சுட்டு, அப்புறம் பேட் பிளாக் சேத்து எனேபிள் பண்ணேன். இத நீங்களும் பண்ணிப் பாக்கறதா இருந்தா ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, எம்டியோட மெட்டாடேட்டா (அரே பத்தின குறிப்பு) 1.2 ஃபார்மட்ல டேட்டா டிஸ்க்கோட ஆரம்பத்துலயே தொடங்காது, டேட்டா ஆஃப்செட்னு ஒரு தூரம் தள்ளி தான் இருக்கும், அத எம்டிஅட்ம் எக்ஸாமின்ல பாத்து கூட்டிக்காம பேட் பிளாக் நம்பர் கொடுத்தா யாரும் தொடாத இடத்துல போய் உக்காந்துக்கும். ரெண்டு, ரெய்டு 1 ஏதோ ஒரு டிஸ்க்ல இருந்து தான் படிக்கும், ரெண்டுலயும் படிச்சு ஒப்பிட்டுப் பாக்காது. நல்ல டிஸ்க்ல இருந்து படிச்சுட்டா எரரே வராது. அதுக்கு நல்ல டிஸ்க்க ரைட் மோஸ்ட்லின்னு மார்க் பண்ணிட்டா படிக்கறதெல்லாம் கெட்ட டிஸ்க் பக்கம் போகும்.

கேஷ காலி பண்ணிட்டு ஃபைல படிச்சேன். சம் அச்சு அசல் அதே. லாக்ல மொதல்ல ரீஷெட்யூலிங் செக்டர், அடுத்து ரீட் எரர் கரெக்டட் 8 செக்டர்னு, அப்புறம் ரிக்வஸ்ட்ட எந்த மிரர் பக்கம் திருப்பி விட்டோம்னு ஒரு லைன். டஸ்ட் கிட்ட பேட் பிளாக் எத்தனன்னு கேட்டா படிச்ச இடத்துல இருந்ததெல்லாம் லிஸ்ட்ல இருந்து போயிருக்கு. அரே நிலமைய காட்டற எம்டிஸ்டாட் ஃபைல்ல ரெண்டு யூவும் (டிஸ்க் நல்லா இருக்குன்னு அடையாளம்) அப்படியே நிக்குது, எந்த டிஸ்க்கும் வெளிய போகல. கெர்னல் தகவல் காட்டற சிஸ்எஃப்எஸ்ல அந்த டிஸ்க்குக்கு கீழ எரர்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல மட்டும் நம்பர் ஏறியிருக்கு. இந்த ஃபைல எந்த மானிட்டரிங்லயாவது யாராவது சேத்து வெச்சு நான் பாத்ததில்ல. சேருங்க, ஸ்மார்ட்ல (டிஸ்க்கோட சொந்த ஹெல்த் ரிப்போர்ட்) பெண்டிங் செக்டர் பாக்கற பழக்கம் இருக்கறவங்களுக்கு இது அதோட அண்ணன்.

இதுல ஒரு குறை இருந்துச்சு. சாகப் போற டிஸ்க் தினம் நூறு செக்டர் கெட்டாலும் எம்டி பொறுமையா நூறையும் சரி பண்ணிட்டே இருக்கும், போதும்டா சாமின்னு தூக்காது. ரெய்டு 10ல (மிரரையும் ஸ்ட்ரைப்பையும் சேத்தது) ஒரு லிமிட் இருந்துச்சு, டீஃபால்ட் 20, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ கணக்கு பாதியா குறையும், அதுக்கு மேல போனா டிஸ்க் வெளிய. ரெய்டு 1க்கு அந்த செக் சமீபத்து கெர்னல்கள்ல தான் வந்திருக்கு. பழைய எல்டிஎஸ் (நீண்ட நாள் சப்போர்ட்) கெர்னல்ல நிக்கறவங்க அது இல்லன்னே நெனச்சுக்கோங்க.

இப்போ திட்ட வேண்டிய இடம். மேல ஒரு வார்த்த சொன்னேன், மத்த ஐஓ எல்லாத்தையும் நிறுத்தி வெக்குதுன்னு. ஒரு செக்டர சரி பண்ற நேரம் முழுக்க மொத்த அரேவும் ஃப்ரீஸ். நல்ல டிஸ்க்னா மில்லி செகண்டுல முடிஞ்சுடும், யாருக்கும் தெரியாது. ஆனா சாதா டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டர் படிக்க முடியலன்னா உள்ளயே முக்கி முக்கி ட்ரை பண்ணும், ரெண்டு நிமிஷம் கூட ஆகலாம், அதுவரைக்கும் பதிலே சொல்லாது. எம்டி கிட்ட சொந்தமா டைமர் எதுவும் கிடையாது, கீழ இருக்கற லேயர் எரர்னு சொல்ற வரைக்கும் தேமேன்னு காத்துட்டு இருக்கும். பக்கத்துலயே அதே டேட்டா நல்ல டிஸ்க்ல இருக்கு, அதுல இருந்து எடுத்துக் கொடுத்துட்டு அப்புறம் மெதுவா ரிப்பேர் பாக்கலாம்ல? பண்ணாது. சர்வர் தொங்குதுன்னு போன் வரும், போய் பாத்தா லோட் (காத்துட்டு இருக்கற வேலைங்க) 200ல நிக்கும், சிபியு சும்மா இருக்கும்.

இதவிட மோசம், டிஸ்க்கோட பேசற லினக்ஸ் ஸ்கசி லேயரோட டீஃபால்ட் டைம் அவுட் 30 செகண்டு. டிரைவ் ரெண்டு நிமிஷம் எடுக்கும், கெர்னல் 30 செகண்டுல பொறுமை இழந்து லிங்க்க ரீசெட் பண்ணும். அப்போ எம்டிக்கு ரீட் எரர்னு தகவல் வரும், அதுவும் சமத்தா நல்ல டேட்டாவ எடுத்து அந்த டிரைவ்ல எழுதப் போகும், ஆனா டிரைவ் இன்னும் பழைய ரீட்லயே முக்கிட்டு இருக்கும், ரைட்டுக்கும் பதில் வராது, ரைட் எரர் ஆயிடும், டிஸ்க் வெளிய. ஒரு செக்டர் பிரச்சனைக்கு முழு டிஸ்க் போற அந்த பழைய காலத்துக்கே திரும்பிட்டோம். ரெய்டு மெயிலிங் லிஸ்ட்ல வர்ற அழுகைல பெரிய பங்கு இதுதான், ரீபில்டுல ரெண்டாவது டிஸ்க்கும் இதே காரணத்துக்கு போயிடும், ரெண்டு டிஸ்க்குமே உண்மைல நல்லா தான் இருக்கும்.

இதுக்கு மருந்து ஈஸி தான், ஆனா யாரும் தானா போட்டுத் தர மாட்டாங்க. நாஸ் டிரைவ், என்டர்பிரைஸ் டிரைவ்ல எஸ்சிடி ஈஆர்சின்னு ஒரு வசதி இருக்கும், 7 செகண்டுக்கு மேல முக்காம எரர்னு ஒத்துக்கும். ஸ்மார்ட்சிடிஎல் கமாண்டுல 70, 70ன்னு கொடுத்தா செட் ஆகும், பத்துல ஒரு பங்கு செகண்டு கணக்கு. நெறைய டிரைவ் பவர் ஆஃப் ஆனா இத மறந்துடும், அதனால பூட் ஸ்கிரிப்ட்ல போட்டு வைங்க. டிரைவ் அந்த வசதியே இல்லன்னு சொன்னா சிஸ்எஃப்எஸ்ல அந்த டிஸ்க்கோட டைம் அவுட்ட 180க்கு ஏத்துங்க, தொங்கறது தொங்கும், டிஸ்க் மட்டும் வெளிய போகாது. இத்தன வருஷம் ஆகியும் டிஸ்ட்ரோக்காரங்க இத இன்ஸ்டாலர்லயே செக் பண்ணி ஒரு வார்னிங் கூட கொடுக்காதது எனக்கு புரியவே இல்ல.

ரைட் எரர் பக்கம் போவோம். பெரிய ரைட் ஒண்ணு ஒரு டிஸ்க்ல ஃபெயில் ஆனா, எம்டி அத சின்ன சின்னதா வெட்டி ஒவ்வொண்ணா மறுபடி எழுதிப் பாக்கும். எது போகுதோ போகட்டும், எது போகலையோ அந்த துண்டு மட்டும் பேட் பிளாக் லிஸ்ட்ல (கெட்ட இடங்களோட பட்டியல்) ஏறும், மேல சொன்ன மாதிரி டிரைவ் எதுக்குமே பதில் சொல்லாம போகாத வரைக்கும் டிஸ்க் உள்ளயே இருக்கும். கூடவே இந்த டிஸ்க்குக்கு மாத்து வேணும்னு ஒரு கொடியும் ஏத்தும், ஸ்பேர் டிஸ்க் ஒண்ணு அரேல சும்மா இருந்துச்சுன்னா பழசு இருக்கும்போதே புதுசுக்கு காப்பி ஆரம்பிச்சுடும். பழச தூக்கிட்டு அப்புறம் ரீபில்ட் பண்றத விட இது எவ்வளவோ சேஃப்.

அந்த பேட் பிளாக் லிஸ்ட் மேட்டர்ல தான் அபிப்பிராயம் ரெண்டா பிரியும். 2011ல கெர்னல் 3.1ல வந்தது, எம்டிஅட்ம் 3.3ல இருந்து புது அரேக்கு டீஃபால்ட்டா ஆன். சாதாரணமா 512 என்ட்ரி புடிக்கும், ரொம்பிடுச்சுன்னா டிஸ்க் ஃபெயில். ஐடியா எனக்கு புடிச்சுருக்கு. லிஸ்ட் இல்லாத அரேல ரீபில்ட் நடக்கும்போது மிச்ச டிஸ்க்ல ஒரே ஒரு செக்டர் படிக்க முடியலன்னாலும் ரீபில்ட் அங்கயே நின்னுடும், 8 டிபில 7.9 டிபி காப்பி ஆயிருந்தாலும் சரி. லிஸ்ட் இருந்தா அந்த துண்ட மட்டும் கெட்டதுன்னு குறிச்சுட்டு மேல போயிட்டே இருக்கும். மிச்ச டேட்டா தப்பிச்சுடும்ல, அதுதானே வேணும்.

ஆனா குறிக்கறத எங்க குறிக்குதுன்னு பாருங்க. படிக்க முடியாத டேட்டா புது டிஸ்க்லயும் இல்ல தானே, அதனால புது டிஸ்க்கோட லிஸ்ட்லயும் அதே இடம் கெட்டதுன்னு ஏறிடும். லாஜிக்கா கரெக்ட். இப்போ பழைய டிஸ்க்கையும் தூக்கிட்டு இன்னொரு புதுசு போடுங்க, அதுலயும் ஏறும். ரெண்டு டிஸ்க்கும் கடைல இருந்து நேத்து வந்தது, ஸ்மார்ட் சுத்தம், முழு ஸ்கேன் பண்ணாலும் ஒரு எரர் கிடையாது, ஆனா அந்த ஒரு ஃபைல தொட்டா இன்புட் அவுட்புட் எரர். காரணம் தெரியாம கேபிள மாத்து, போர்ட மாத்து, கடைசில மதர்போர்டையே மாத்துன்னு அலையறவங்க இருக்காங்க. ஏன் தெரியலன்னா எம்டிஸ்டாட்ல இதப்பத்தி ஒரு எழுத்து கிடையாது. ரெண்டு யூவும் பல்ல காட்டிட்டு நிக்கும். எம்டிஅட்ம்ல எக்ஸாமின் பேட்பிளாக்ஸ்னு தனியா கேட்டா தான் சொல்லும், இல்லன்னா சிஸ்எஃப்எஸ்ல அந்த டிஸ்க் பேர்ல பேட் பிளாக்ஸ்னு ஒரு ஃபைல். அந்த இடத்து மேல புதுசா எழுத்து ஒழுங்கா விழுந்தா என்ட்ரி தானா அழியும், டேட்டா போனது போனது தான். மொத்தமா லிஸ்ட்டே வேணாம்னா அசெம்பிள் பண்ணும்போது நோ பிபிஎல்னு அப்டேட் கொடுக்கலாம், ஆனா என்ட்ரி இருந்தா அது மறுக்கும், ஃபோர்ஸ் போட்டா தான் கேக்கும். வேல செய்யற மெக்கானிசம், வாய் இல்லாத மெக்கானிசம். டெக்னிக்கலா பாஸ், யூசர் பக்கம் ஃபெயில்.

கோடு படிச்சதுல என்ன ரொம்ப நேரம் புடிச்சு வெச்ச இடம் வேற. ஒரு டிஸ்க்ல ரைட் ஃபெயில் ஆச்சு, இன்னொண்ணுல ஓகே. இப்போ அப்ளிகேஷனுக்கு "எழுதியாச்சு"ன்னு எப்போ சொல்லலாம்? நல்ல டிஸ்க்ல எழுதியாச்சே, உடனே சொல்லலாம்னு தோணும். சொல்லிட்டோம்னு வைங்க, டேட்டாபேஸும் கஸ்டமருக்கு பணம் போயிடுச்சுன்னு சொல்லிடுச்சு, அந்த செகண்டுல கரண்ட் போச்சு. "இந்த டிஸ்க் ஃபெயில்"ங்கற தகவல் இன்னும் நல்ல டிஸ்க்கோட சூப்பர் பிளாக்ல (மெட்டாடேட்டா இருக்கற இடம்) எழுதல. கரண்ட் வந்து பூட் ஆனா, வெறும் கேபிள் லூஸ் ஆனதால ஃபெயில் ஆன டிஸ்க்கா இருந்தா அது சமத்தா எழுந்து வந்து நிக்கும், ரெண்டும் நல்ல டிஸ்க்னு எம்டி நம்பும், பழைய டேட்டா இருக்கற டிஸ்க்ல இருந்து படிச்சாலும் படிக்கும். பணம் போகலன்னு காட்டும். இந்த ஓட்டைய 2015ல தான் அடைச்சாங்க, கெர்னல் 4.3ல. ஃபெயில் ஆன விஷயமோ பேட் பிளாக் என்ட்ரியோ மெட்டாடேட்டால பதிவான பிறகு தான் அந்த ரைட் முடிஞ்சுதுன்னு மேல சொல்லும், அதுவரைக்கும் தனி லிஸ்ட்ல காக்க வெக்கும். நீல் பிரவுனே ஃபிக்ஸ் போடும்போது இது ரொம்ப சின்ன ஓட்டை, ஆனா நடக்க வாய்ப்பு இருக்கு, அதனால மூடணும்ங்கற மாதிரி தான் எழுதியிருக்காரு. அவ்ளோ வருஷம் உலகம் பூரா ஓடின கோடு, யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணதா அவர் சொல்லல, படிச்சுப் பாத்து மூடியிருக்காங்க. எரர் ஹேண்ட்லிங்கு நான் மார்க் போடறதுன்னா இந்த மாதிரி இடத்துக்கு தான் போடுவேன்.

கடைசி டிஸ்க் விஷயம். ஏற்கனவே ஒண்ணு போயி ஒரே டிஸ்க்ல ஓடிட்டு இருக்கு, அதுலயும் எரர். இப்போ அதையும் ஃபெயில்னு தூக்கினா மொத்தமும் போச்சு. எம்டி தூக்காது. வீட்ல சம்பாதிக்கறது ஒரே ஆளுன்னா காய்ச்சல்லயும் வேலைக்கு அனுப்பற மாதிரி, அந்த எரர மட்டும் மேல ஃபைல் சிஸ்டத்துக்கு அனுப்பிட்டு டிஸ்க்க உள்ளயே வெச்சுக்கும். இது சரியான முடிவு, மிச்ச 99 சதவீதம் டேட்டாவ காப்பி பண்ணி எடுக்கவாவது வழி இருக்கு. இல்ல எனக்கு தூக்கியே ஆகணும், வேற சர்வருக்கு ஃபெயில் ஓவர் பண்ணனும்ங்கறவங்களுக்கு ஃபெயில் லாஸ்ட் டெவ்னு ஒரு ஸ்விட்ச் இருக்கு. கடுப்பு என்னன்னா, கடைசி டிஸ்க்க கையால உருவி எடுத்தாலும் எம்டிஸ்டாட்ல அதுக்கு நேரா யூன்னே நிக்கும். 2022 வாக்குல வந்த மாத்தத்துக்கு அப்புறம் அரே உடைஞ்சதுன்னு உள்ள ஒரு கொடி வெச்சு, அதுக்கப்புறம் வர்ற ரைட்ட எரர்னு திருப்பி அனுப்புது. முன்ன இருந்ததுக்கு பரவால்ல.

இதுவரைக்கும் பேசினதெல்லாம் டிஸ்க் "என்னால முடியல"ன்னு ஒத்துக்கற கேஸ். ஒத்துக்காம தப்பான டேட்டாவ சிரிச்ச முகமா கொடுத்தா? எம்டி அப்படியே வாங்கி மேல கொடுத்துடும். செக்சம், அதாவது டேட்டா மாறலன்னு சரிபாக்கற நம்பர், எதுவும் கிடையாது. இது எங்கயோ நடக்கற கதை கிடையாது, நெட்ஆப் கம்பெனியோட ஸ்டோரேஜ் சிஸ்டங்கள்ல இருந்த 15.3 லட்சம் டிஸ்க்க 41 மாசம் பாத்து 2008ல வெளியிட்ட ஆய்வுல 4 லட்சத்துக்கு மேல செக்சம் மிஸ்மேட்ச் வந்திருக்கு. அந்த டிஸ்க் எதுவும் எரர்னு சொல்லல.

மாசா மாசம் செக் ஓடுதே அது கண்டுபுடிக்காதான்னு கேப்பீங்க. டெபியன்ல மாசத்தோட மொத ஞாயித்துக்கெழம ராத்திரி ஓடும், ரெண்டு டிஸ்க்கையும் முழுசா படிக்கும், படிக்க முடியாத செக்டர் மாட்டினா மேல சொன்ன மாதிரி எழுதி சரி பண்ணும். ரொம்ப நல்லது, யாரும் தொடாத ஃபைல்ல ஒளிஞ்சிருக்கற கெட்ட செக்டர் வெளிய வர இது தான் நல்ல வழி, தயவுசெஞ்சு ஆஃப் பண்ணாதீங்க. ஆனா ரெண்டு டிஸ்க்லயும் படிக்க முடியுது, டேட்டா மட்டும் வேற வேறன்னா மிஸ்மேட்ச் கவுண்ட்ல நம்பர் ஏறும், அவ்ளோ தான். எது சரின்னு அதுக்கும் தெரியாது. ரிப்பேர்னு கொடுத்தா மொதல்ல படிக்க முடிஞ்ச டிஸ்க்ல இருக்கறத எடுத்து அடுத்ததுல எழுதிடும். அது தப்பான காப்பியா இருந்தா நல்ல காப்பியும் போச்சு. பேரு ரிப்பேர்! கண்ண மூடிட்டு அத கிரான்ல (தானா ஓடற வேலை லிஸ்ட்) போட்டு வெச்சவங்க மொதல்ல போய் எடுங்க.

மிஸ்மேட்ச் நம்பர பாத்ததும் பதறவும் வேணாம். ஸ்வாப் (மெமரி பத்தாதப்போ பயன்படற டிஸ்க் இடம்) பார்ட்டிஷன் மிரர் மேல இருந்தா சும்மாவே மிஸ்மேட்ச் வரும், ஏன்னா மெமரி பேஜ் ரெண்டு டிஸ்க்குக்கும் தனித்தனியா போகுது, ஒண்ணுக்கு போயி அடுத்ததுக்கு போறதுக்குள்ள பேஜ் மாறிடலாம், அந்த பேஜ் இனி வேணாம்னு ஆனதால ஒரு கெடுதலும் இல்ல. மேன் பேஜ்லயே இத எழுதியிருக்காங்க. நம்பரும் 128, 256ன்னு 128ஓட மடங்குல தான் வரும், 64 கேபி துண்டு துண்டா ஒப்பிடறதால, 128ன்னா 128 செக்டர் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் கிடையாது. ஆக நெஜ பிரச்சனைக்கும் பொய் அலாரத்துக்கும் ஒரே நம்பர், எந்த ஃபைல்ல வித்தியாசம்னும் சொல்லாது. இத வெச்சு நான் என்ன பண்ண?

இதுக்கு எம்டிய விடாமயே ஒரு வழி இருக்கு, டிஎம் இன்டெக்ரிட்டி. 2017ல கெர்னல் 4.12ல வந்தது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மேல இத போட்டு, அதுக்கு மேல மிரர் கட்டினா, பொய் சொல்ற டிஸ்க்க இது செக்சம் வெச்சு புடிச்சு ரீட் எரர்னு மேல சொல்லிடும். எரர்னு காதுல விழுந்துட்டா அப்புறம் எம்டி கில்லி, அடுத்த டிஸ்க்ல இருந்து எடுத்து எழுதி சரி பண்ணிடும். எல்விஎம் (லினக்ஸோட வால்யூம் மேனேஜர்) ரெய்டுல இத ஒரே ஆப்ஷன்ல சேத்துக்கலாம். விலை என்னன்னா ஜர்னல் மோட்ல எல்லா டேட்டாவும் ரெண்டு தடவ எழுதப்படும், ரைட் ஸ்பீடு நல்லா அடி வாங்கும்.

பக்கத்து கடைகளையும் ஒரு பார்வ. ஃப்ரீபிஎஸ்டிங்கற இன்னொரு ஓஎஸ்ஸோட ஜிமிரர் ரொம்ப சின்ன, சுத்தமான கோடு, படிக்க சொகம், ஆனா டீஃபால்ட்ல ஒரு எரர் அடிச்சா டிஸ்க்க கழட்டி விட்டுடும், எழுதி சரி பண்ற வேலையெல்லாம் கிடையாது, கழட்டாம இருக்க சிஸ்கன்ட்ரோல் செட்டிங் ஒண்ணு இருக்கு. இசட்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டத்தோட மிரர் இந்த டெஸ்ட்ல எல்லாத்தையும் விட மேல, டேட்டாவுக்கு செக்சம் தனியா வெச்சிருக்கறதால எந்த காப்பி சரின்னு அதுக்கு தெரியும், ஸ்டேட்டஸ்ல ரீட், ரைட், செக்சம்னு மூணு பத்தி போட்டு டிஸ்க் வாரியா கணக்கு காட்டும், காப்பாத்த முடியாத ஃபைல் பேரையே சொல்லும். லைசென்ஸ் தகராறுல மெயின் கெர்னல்ல சேராம தனி மாட்யூலா கெடக்கறது தான் தலைவலி, கெர்னல் அப்டேட் வந்தா மாட்யூல் பில்ட் ஆச்சான்னு ஒரு கண் வேணும். பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தோட ரெய்டு 1லயும் செக்சம் உண்டு, ஆனா ஒரு டிஸ்க் இல்லாம பூட் பண்ணா டிகிரேடட்னு தனியா சொன்னா தான் மவுன்ட் ஆகும், ராத்திரி ரெண்டு மணிக்கு ரிமோட் சர்வர்ல இத கண்டுபுடிச்சா எரிச்சலா வரும்.

எம்டிக்கு நான் கொடுக்கறது 5க்கு 3.5. ரீட் எரருக்கு ஃபுல் மார்க், ரைட் ஆர்டரிங்குக்கு ஃபுல் மார்க், தொங்கறதுக்கு கட், பேட் பிளாக் லிஸ்ட் ஊமையா இருக்கறதுக்கு கட், ரிப்பேருக்கு பெரிய கட். பூட் டிஸ்க்குக்கும், மேல தனக்குன்னு செக்சம் வெச்சுக்கற டேட்டாபேஸுக்கும் தாராளமா போடலாம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஆளுங்க பேஜ் செக்சம் ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க. குடும்ப போட்டோ, ஸ்கேன் பண்ண பத்திரம்னு இருபது வருஷம் தொடாம கெடக்கப் போற ஃபைலுக்கு இசட்எஃப்எஸ் போங்க, இல்லன்னா இன்டெக்ரிட்டி சேத்துக்கோங்க.

எத போட்டாலும் மெயில் ஒழுங்கா வருதான்னு டெஸ்ட் பண்ணுங்க. எம்டிஅட்ம் மானிட்டர் டிஸ்க் ஃபெயில் ஆனா மெயில் அனுப்பும், ஆனா கான்ஃபிக்ல மெயில் அட்ரஸ் டீஃபால்ட்டா ரூட்னு இருக்கும், ரூட்டோட மெயில் பாக்ஸ அந்த சர்வர்ல எவன் திறந்து பாக்கறான். அட்ரஸ மாத்திட்டு மானிட்டர்ல ஒன்ஷாட், டெஸ்ட்னு ரெண்டும் சேத்து ஒரு தடவ ஓட்டினா ஒவ்வொரு அரேவுக்கும் ஒரு டெஸ்ட் மெயில் வரும், ஸ்பேம்ல விழுதான்னும் பாத்துடுங்க. பேட் பிளாக் லிஸ்ட்டுக்கும் எரர்ஸ் ஃபைலுக்கும் மெயில் வராது, அதுக்கு நாலு லைன் ஸ்கிரிப்ட் நீங்களே தான் எழுதிக்கணும்.